கார் ஏற்றும் லோரி: இடப்பக்க வளைவில் உதவி தேவை

வணக்கம். கனரக வாகனங்களுக்கான ‘இ’ (E) உரிமத்துடன் ஏழு ஆண்டுகள் சாதாரண லோரி ஓட்டிய நான், கடந்த மாதம் முதல், பெருநிலத்தில் உள்ள பிறை (Perai) நகரிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லோரியை ஓட்டி வருகிறேன். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் சிரமமில்லை; பக்கக்காற்று வீசினால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் ஜார்ஜ் டவுனின் குறுகிய சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்பும்போது, பின்சக்கரங்கள் உட்புறமாக வெட்டி நடைபாதையை நெருங்குகின்றன. அதே நேரத்தில் பின்னால் நீண்டிருக்கும், கார்கள் நிற்கும் தட்டின் முனை வலப்பக்கத் தடத்துக்குள் வீசுகிறது. ஒரு கண்ணாடியைக் கவனித்தால் மற்றொன்று தவறிவிடுகிறது. சென்ற வாரம் ஒரு மரக்கிளை மேல்தட்டுக் காரின் கூரையை உரசியது. யாரோ சேமித்து வாங்கவிருக்கும் வண்டி அது என்பதால் மிகவும் வருந்தினேன்.

வலப்பக்கமாகப் பின்னோக்கி வளைப்பது ஓரளவு கைவந்துவிட்டது. பார்வை மறையும் இடப்பக்கமாகப் பின்னோக்கி வளைக்கும்போது ஸ்டீரிங்கை எந்த இடத்தில் திருப்பத் தொடங்குகிறீர்கள் என்பதை, அனுபவமுள்ள அண்ணன்மார் விளக்கமாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.