ஹவுராவில் இறங்கி தட்சிணேஸ்வரம் போக மெட்ரோ சரிப்படுமா? வயதானவர்கள் கூட வருகிறார்கள்

கோட்டாறுகாரன்:
விவேகானந்தர் பாறைக்கு வந்து இறங்குகிற வங்காளிக் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கும் அந்தப் பக்கம் போகணும் என்று ஆசை வந்துவிட்டது. கன்னியாகுமரி - ஹவுரா வாராந்திர வண்டியில் டிக்கெட் போட்டாச்சு. தட்சிணேஸ்வரம் காளி கோயில், பேலூர் ராமகிருஷ்ண மடம் இரண்டும் பார்க்கணும். டாக்ஸி பேரம் பேச எனக்கு இந்தியும் வராது வங்காளமும் வராது, அதனால் மெட்ரோவே போதும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முட்டுவலி, படி ஏற முடியாது. ஆற்றுக்கு அடியில் போகிற வண்டி என்று கேட்டதிலிருந்து அவங்களுக்குப் பயம் வேறு. அப்பாவோ, டெல்லிக்கும் மெட்ராசுக்கும் முன்னாடி கல்கத்தாவுக்கு எப்படி மெட்ரோ வந்தது என்று தினமும் கேட்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

மார்த்தாண்டம்_மேம்பாலம்:
தாராளமாப் போகலாம் அண்ணே. நான் கல்கத்தா சால்ட் லேக்கில் வேலை பார்த்தவன். ஹவுரா ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கே பச்சை வழித்தடத்தில் ஏறி மகாகரண், அடுத்தது எஸ்பிளனேடு. அங்கே இறங்கி நீல வழித்தடத்துக்கு மாறி தட்சிணேஸ்வரம் பக்கம் போகிற வண்டியில் உட்கார்ந்தால் அதுதான் கடைசி நிலையம், எங்கே இறங்குவது என்ற குழப்பமே கிடையாது. வெளியே வந்தால் கோயில் வரைக்கும் ஆகாய நடைபாதை, நகரும் படிக்கட்டோடு.

அம்மாவுக்குக் கஷ்டம் ஹவுராவில்தான். அது நாட்டிலேயே ஆழமான மெட்ரோ நிலையங்களில் ஒன்று, லிஃப்ட் எங்கே என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எஸ்கலேட்டரில் பெட்டியோடு ஏறுகிற வேலை வேண்டாம். எஸ்பிளனேடில் மாறும்போது கொஞ்சம் நடக்கணும். நீல வழித்தட நிலையங்கள் அவ்வளவு ஆழமில்லை. காலை பத்து மணிக் கூட்டத்தில் மட்டும் மாட்டிவிடாதீங்க.

குழித்துறை_ரிட்டயர்டு:
தம்பி, அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டு. டெல்லி மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2002இல், சென்னை 2015இல். கல்கத்தாவில் முதல் வண்டி 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை ஓடியது, மொத்தமே 3.4 கிலோமீட்டர், ஐந்து நிலையம். நம்ம கன்னியாகுமரிக்கு ரயிலே 1979இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

ஆனால் அந்த 3.4 கிலோமீட்டருக்கு அந்த ஊர் பட்ட பாடு இருக்கிறதே! 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். நம்ம ஊரில் கிணறு வெட்டினால் செம்மண்ணும் அதற்குக் கீழே பாறையும் வரும், அங்கே கங்கை கொண்டு வந்து போட்ட களிமண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அதனால் சாலையைத் திறந்து, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் இறக்கி, நடுவிலே மண்ணை அள்ளி, உள்ளே பெட்டி மாதிரிச் சுரங்கம் கட்டி, மேலே மூடி மறுபடி சாலை போட்டார்கள். சௌரங்கி, சித்தரஞ்சன் அவென்யூ மாதிரியான சாலைகளுக்குக் கீழேயே லைன் போவதற்கு அதுதான் காரணம், நிலையங்கள் ஆழமில்லாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். உன் அம்மா முட்டுக்கு இன்றைக்குக் கிடைக்கிற சௌகரியம், அன்றைக்கு ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் சகதியில் நடந்ததால் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் குழாயும் கேபிளும் எங்கே போகிறது என்று பல இடத்தில் வரைபடமே இல்லை, ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து மாற்றி வைக்கணும். அதோடு வழக்கு, பணத்தட்டுப்பாடு. 140 கோடி ரூபாயில் முடியும் என்று போட்ட கணக்கு பத்து மடங்குக்கும் மேலே போய்விட்டது. ஷியாம்பஜாருக்கும் பெல்காச்சியாவுக்கும் நடுவில் மட்டும் மேலே கால்வாயும் ரயில்வே யார்டும் இருந்ததால் திறந்து தோண்ட முடியவில்லை, அங்கே அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரைத் தடுத்துக்கொண்டு துளைத்தார்கள். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுசாக ஓட 1995 செப்டம்பர் ஆயிற்று. தட்சிணேஸ்வரத்துக்கு நீண்டது 2021 பிப்ரவரியில். எனக்குக் கேட்டால், இதற்கப்புறம் இந்தியாவில் எந்த ஊரும் இவ்வளவு தைரியமாக ஒரு வேலையைத் தொடங்கவில்லை என்றுதான் சொல்லுவேன், இவ்வளவு மெதுவாகவும்தான்.

இன்னொன்று, நாட்டிலேயே இந்திய ரயில்வே நேரடியாக நடத்துகிற மெட்ரோ இது ஒன்றுதான். தனி ரயில்வே மண்டலமே இருக்கிறது.

தக்கலை_சுரேசு:
மக்கா, மெட்ரோ பெட்டியெல்லாம் நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்ததுதானே? அந்தப் பெருமையைச் சொல்ல மறந்துட்டீங்களே. நான் போனபோது மேலே மின்கம்பியே காணோம், எப்படி ஓடுகிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

குழித்துறை_ரிட்டயர்டு:
ஆமா, முதல் பெட்டிகள் ஐசிஎஃப்தான். ஏசி இல்லாத அந்தப் பழைய வண்டிகள் 2021 வரை உழைத்தன. நீல வழித்தடம் நம்ம ரயில் மாதிரியே அகலப்பாதை, பச்சை வழித்தடம் அதைவிடக் குறுகிய பாதை, அதனால் இதிலே ஓடுகிற வண்டி அதிலே ஓடாது. மின்சாரம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது தண்டவாளமாக ஓடுகிறது, 750 வோல்ட் நேர்மின்சாரம். மேலே கம்பி போட்டால் சுரங்கத்தை இன்னும் உயரமாகத் தோண்டணும், அந்தச் சேற்றில் ஒவ்வொரு அடியும் காசு. மொபைல் தண்டவாளத்தில் விழுந்தது என்று நீல வழித்தடத்தில் யாரும் குனிந்து எடுக்கப் போகக்கூடாது, ஊழியரைக் கூப்பிடணும். பச்சையில் நடைமேடை ஓரத்தில் கதவே இருக்கிறது, அந்தப் பயம் இல்லை.

நாகர்கோவில்_சிவில்:
ஆற்றுக்கு அடியில் போகிறது பற்றி. ஹவுராவுக்கும் மகாகரணுக்கும் நடுவில் ஹூக்ளி ஆறு, அதற்குக் கீழே 520 மீட்டர், வண்டி 45 விநாடியில் தாண்டிவிடும். சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள், அது இல்லை என்றால் ஆறு வந்ததே தெரியாது. சுரங்கம் ஆற்றுப் படுகைக்கும் சுமார் 13 மீட்டர் கீழே. கான்கிரீட் வளையங்களின் இணைப்பில் தண்ணீர் பட்டால் ஊதி அடைக்கிற ரப்பர் வைத்திருக்கிறார்கள். சுரங்கம் துளைக்கிற இரண்டு எந்திரங்கள் 2017இல் ஆற்றைக் கடந்தன, 2024 மார்ச்சில் பயணிகளுக்குத் திறந்தார்கள்.

உண்மையில் சிக்கல் வந்தது ஆற்றில் இல்லை, தரையில். 2019 ஆகஸ்ட் 31 அன்று எஸ்பிளனேடுக்கும் சியால்டாவுக்கும் நடுவில் பௌபஜாரில் துளைக்கிற எந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் இடித்து, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டு, சில இடிந்தே விழுந்தன. அதனால்தான் எஸ்பிளனேடு - சியால்டா துண்டு 2025 ஆகஸ்ட் வரை இழுத்தது. ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடு வரும்போது அந்தத் துண்டுக்குள் நீங்கள் போகவே மாட்டீர்கள். அம்மாவிடம் பௌபஜார் கதையைச் சொல்ல வேண்டாம், 45 விநாடியை மட்டும் சொல்லுங்கள்.

சுவாரசியம் வேண்டுமானால், 1921லேயே ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் இதே ஆற்றுக்கு அடியில் ரயில் விடத் திட்டம் போட்டுக் கொடுத்தார், செலவைப் பார்த்துக் கைவிட்டார்கள். அவரே 1931இல் மின்சாரக் கேபிளுக்காக ஆற்றின் கீழ் ஒரு சுரங்கம் போட்டுக் காட்டினார்.

கோட்டாறுகாரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்பா அந்த மூன்றாவது தண்டவாளக் கதையிலேயே நிற்கிறார், இன்னும் இறங்கவில்லை. நாங்கள் போய்ச் சேருகிற மறுநாள் ஞாயிறு. பரவாயில்லையா?

மார்த்தாண்டம்_மேம்பாலம்:
ஞாயிற்றுக்கிழமை வண்டி காலையில் தாமதமாகத்தான் தொடங்கும், எண்ணிக்கையும் குறைவு, கோயிலிலும் அன்றைக்குத்தான் நெரிசல். திங்களுக்குத் தள்ளுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் தரிசனம் முடித்துவிட்டு, அப்புறம் பேலூருக்குப் படகில் போய்விடலாம்.