செக்கடி வீடு குடும்பக் குழு

முருகேசன்: ஞாயிறு காதுகுத்துக்கு மாஸ்டர் லிஸ்ட் கொடுத்துவிட்டார். கடலை எண்ணெய் ஒரு டின், நல்லெண்ணெய் 5 லிட்டர். கீழமாசி வீதிக்கு யார் போகிறீர்கள்?

கார்த்தி துபாய்: மாமா, போன லீவுக்குக் கொண்டுவந்த ஆலிவ் ஆயில் டின் அப்படியே இருக்குமே. ஸ்டென்ட் வைத்த உடம்பு, அதிலேயே செய்யச் சொல்லுங்கள்.

பாண்டி: வடையுமா மச்சான்?

செல்வம்: மாப்பிள்ளை சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசால் முதலான பாலிபீனால்கள் என்ற தாவரச் சத்துகள் உண்டு. ரத்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெடாமல் காக்க உதவும். இப்படி பாட்டில் லேபிளில் எழுதிக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் அனுமதித்தது. ஆனால் 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதன் வகைகளும் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அப்புறம் ஒலியோகாந்தால். நல்ல எண்ணெயைப் பச்சையாக விழுங்கினால் தொண்டையில் சுருக்கென்று பிடிப்பது அதனால்தான். இபுப்ரோஃபென் மாத்திரை மாதிரி வேலை செய்கிறது என்று 2005-ல் கண்டார்கள். அளவு சொற்பம், அதனால் அக்கா முழங்காலுக்கு அதை நம்ப வேண்டாம்.

பாண்டி: சித்தப்பா ரிட்டயர் ஆகி ஆறு வருஷம், பீரியடு மட்டும் முடியவில்லை

ராணி: என் முழங்காலை ஏன் இழுக்கிறாய்? அந்த டின்னைத் திறந்து குட்டிக்குத் தேய்த்துவிட்டேன். நாக்கில் வைத்தும் பார்த்தேன். சுருக்கும் இல்லை, வாசமும் இல்லை.

செல்வம்: டின்னில் என்ன போட்டிருக்கிறது?

ராணி: பொமாஸ்

செல்வம்: அதுதானே பார்த்தேன். பிழிந்த சக்கையில் கரைப்பான் விட்டு எடுத்துச் சுத்திகரித்தது. நான் சொன்ன சத்தெல்லாம் பெரும்பாலும் போயிருக்கும்.

பாண்டி: அப்போ புண்ணாக்கு எண்ணெய்! மச்சான் பிளேனில் புண்ணாக்கு கொண்டுவந்திருக்கிறார்

கார்த்தி துபாய்: 👍

விஜி: பாண்டி, வாயை மூடு. ஆசையாக வாங்கி வந்தவர்.

செல்வம்: வறுக்க அது ஆகும், குற்றமில்லை. மருந்து என்று நினைக்க வேண்டாம், அவ்வளவுதான். ஸ்பெயினில் 7,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த இதய நோய் ஆய்வில் ஒரு பிரிவுக்குக் கொடுத்தது எக்ஸ்ட்ரா வர்ஜின். கூடவே காய்கறி, பருப்பு, மீன். கிடாக்கறி விருந்தில் ஊற்றிக் கொடுக்கவில்லை. நம் நல்லெண்ணெயிலும் செசமின், செசமோலின் இருக்கின்றன. சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் காப்பது அவைதான். அப்பா கருப்பட்டி போட்டு ஆட்டுவாரே, அந்த

ராணி: அந்தச் செக்கு இருந்திருந்தால் இன்று லிஸ்டே வேண்டாம்.

செல்வம்: விற்றது நான் இல்லை.

முருகேசன்: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

விஜி: கிடாய்க்கு முன்பணம் கொடுத்தாச்சா?

பாண்டி: பாதி. வேன் எத்தனை மணிக்கு?

ராணி: ஐந்தரை. ஏழு என்றால் மலர் வீட்டு ஆட்கள் எட்டுக்குத்தான் வருவார்கள்.

மலர்: அத்தை, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பாண்டி: 🙏🙏

முருகேசன்: எண்ணெய்க்கு யார் போவது?

செல்வம்: கடலை எண்ணெய் நான் பார்க்கிறேன். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருக்கட்டும். பாண்டி கேட்டுச் சொல்வான்.

பாண்டி: நானா