விமானக் கடத்தல் பற்றிய நாவலுக்கு விபரம் தெரிந்தவர்களின் உதவி தேவை

குழும உறவுகள் அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்திலிருந்து எழுதுகிறேன். பயணிகள் விமானமொன்று கடத்தப்படுவதை வைத்து ஒரு மர்ம நாவல் எழுதி வருகிறேன். அதில் விமானப் பணிப்பெண்ணாக வேலை செய்யும் கனகராயன்குளத்துப் பெண்ணொருத்தி, முகத்தை மூடியிருக்கும் கடத்தல்காரன் ஒருவனின் உள்ளங்கையில், சிறுவயதில் பனங்கருக்குக் கிழித்த தழும்பைக் கண்டு, அவன் தன் தம்பி என்று அறிந்துகொள்கிறாள். அவனைக் காட்டிக்கொடுப்பதா, தன்னை நம்பியிருக்கும் பயணிகளைக் கைவிடுவதா என்ற தவிப்புத்தான் கதை.

2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின் விமானி அறைக் கதவுகள் பலப்படுத்தப்பட்டு நடைமுறைகளும் மாறிவிட்டதால், கதையை அதற்கு முந்தைய காலத்தில் வைத்திருக்கிறேன். 1999 டிசம்பர் 24 அன்று காத்மண்டுவிலிருந்து புறப்பட்டுக் கடத்தப்பட்ட இந்தியன் எயர்லைன்ஸ் விமானம், அமிர்தசரஸில் இறங்கியும் எரிபொருள் நிரப்பாமலே மீண்டும் கிளம்பி, லாகூர், டுபாய் வழியாகக் கந்தகாரைச் சென்றடைந்ததைப் பற்றி வாசித்தபோது, என் நாவலின் உச்சக்கட்டமும் வானத்திலன்றித் தரையிலேயே நிகழவேண்டும் என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தடையாக இருப்பதும் அந்தப் பகுதியே. இயந்திரங்கள் நிறுத்தப்பட்ட விமானத்துக்குள் மணிக்கணக்கில் காத்திருக்கும்போது வெளிச்சமும் காற்றும் எப்படியிருக்கும், தண்ணீரையும் சாப்பாட்டையும் பணியாளர்கள் எவ்வாறு பங்கிடுவார்கள், குழந்தைகளையும் முதியவர்களையும் எப்படி ஆற்றுப்படுத்துவார்கள் என்பவற்றை, அக்காலத்தில் விமானத்தில் பணியாற்றியவர்கள் எவரேனும் உங்கள் உறவினரிலோ நண்பரிலோ இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். குரல்பதிவாக அனுப்பினாலும் போதும், நானே எழுத்தாக்கிக் கொள்வேன்.