மறு: களத்தில் கத்தி தீட்டுதல் – ஹோனிங்குக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். கத்தி தீட்டுவதற்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ஹோனிங், ஷார்ப்பனிங் இரண்டுக்கும் ‘தீட்டுதல்’ போதும். வேட்டைக்குப் போகிறவருக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு?

ஐயா, அவருக்குத்தான் அந்த நுணுக்கம் வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுக் கத்தி மழுங்கினால் கல்லை எடுத்துக்கொண்டு நிதானமாக உட்காரலாம். காட்டில் மானைப் பாதி உரித்த நிலையில் கத்தி வழுக்கத் தொடங்கினால் அப்படி முடியாது. இறைச்சியின் சூடு சீக்கிரம் தணிய வேண்டும், பொழுதும் சாய்ந்துகொண்டிருக்கும்.

கத்தி இரண்டு விதமாகக் கெடுகிறது. மூட்டைப் பிரிக்கும்போது எலும்பில் பட்டால் வாய் (வெட்டுகிற விளிம்பு) ஒரு பக்கமாக மடிந்துவிடும். உலோகம் எங்கும் போகவில்லை, சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மயிரில் ஒட்டிய மண்ணோடு தோலை அறுத்தால் கதையே வேறு. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. கத்தி எஃகு பெரும்பாலும் அதற்குக் கீழே, அதனால் வாய் தேய்ந்தே போகும். (தோலை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அறுக்கச் சொல்வதும் இதனால்தான்.) மடிந்ததற்கு வழவழப்பான எஃகுக் கோலில் பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு போதும், இதுதான் ஹோனிங். தேய்ந்ததற்குக் கல் வேண்டும், அது ஷார்ப்பனிங். இரண்டையும் ‘தீட்டு’ என்று எழுதினால், படிப்பவர் தேய்ந்த வாயைக் கோலில் இழுத்து இழுத்து அலுத்துப்போவார், இல்லையென்றால் மடிந்த வாயைக் கல்லில் போட்டு நல்ல எஃகை வீணாக்குவார்.

நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. கெட்ட இடம் மட்டும் மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னும். அப்புறம் விரல் நகத்தைக் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து வாயைத் தாண்டி வெளியே மெல்ல இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் நகம் தட்டினால் மடிப்பு. இரு பக்கமும் தட்டாமல், கோடு மட்டும் மின்னினால் தேய்மானம்.

> ‘கூர்ச்சீரமைப்பு’ என்று வைக்கலாமா?

பொருள் சரிதான் அம்மா. ஆனால் “கத்தியைக் கூர்ச்சீரமைத்துக் கொடு” என்று யாரும் கேட்கப் போவதில்லை. “வாயை நிமிர்த்திக் கொடு” என்றால் கேட்பவருக்கு விளக்கமே வேண்டாம். அதனால் என் பரிந்துரை ‘வாய் நிமிர்த்தல்’. அதற்கான கோல் ‘நிமிர்த்துகோல்’, திறவுகோல் போல. ‘விளிம்பு’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தட்டுக்கும் மேசைக்கும்கூட விளிம்பு உண்டு. வெட்டுகிற விளிம்புக்கு வாய் என்ற பெயர் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

மற்றவற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை. கல்லில் செய்வது தீட்டுதல், சக்கரத்தில் செய்வது சாணை பிடித்தல். களத்தில் சாணைக்கு இடமில்லை. ஸ்ட்ராப்பிங் ‘வாரில் தீட்டுதல்’, ஏனென்றால் இடுப்பில் கட்டிய தோல் வாரே அதற்குப் போதும், வாய் பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். பர் (தேய்க்கும்போது வாயில் எழும்பும் மெல்லிய உலோக விளிம்பு) என்பதற்குப் பட்டறைக்காரர்கள் சொல்லும் ‘பிசிறு’ இருக்கிறது. ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மறுபக்கம் வாய் முழுநீளத்துக்கும் பிசிறு எழும்பினால்தான் கல் வாய்வரை எட்டியிருக்கிறது என்று பொருள். இந்த ஒரு சொல்லைப் புரியவைத்துவிட்டால் பாடம் பாதி முடிந்தது.

கத்தியைக் கல்லில் சாய்த்துப் பிடிக்கும் கோணத்தில் ஒரு குழப்பம். வேட்டைக் கத்திக்கு 20 பாகை என்று சொல்வது பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு, இரண்டும் சேர்ந்தால் 40. ஆகவே ‘பக்கக் கோணம்’, ‘முழுக் கோணம்’ என்று பிரித்தே எழுதுவோம். காட்டில் கோணமானி ஏது? தாளின் மூலையை ஒருமுறை மடித்தால் 45, மறுமுறை மடித்தால் 22.5. அதைக் கல்லருகே நிறுத்திப் பார்த்துக் கையைப் பழக்கலாம்.

ராக்வெல் அளவில் (எஃகின் கடினத்தைச் சொல்லும் வேறோர் அளவு) 60-க்கு மேல் உள்ள கடினமான எஃகு மடிவதைவிடச் சில்லுச் சில்லாகப் பெயரவே வாய்ப்பு அதிகம். பெயர்ந்ததை நிமிர்த்த முடியாது. அதனால் ‘மடிதல்’, ‘சில்லு பெயர்தல்’ இரண்டும் பட்டியலில் தனித்தனியே வரட்டும்.

பீங்கான் கோலுக்கு மட்டும் எனக்கு முடிவு வரவில்லை. அது நிமிர்த்துகிறது, கொஞ்சம் தேய்க்கவும் செய்கிறது. நிமிர்த்துகோல் என்றால் பாதிதான் உண்மை. இப்போதைக்குப் ‘பீங்கான் கோல்’ என்றே விடலாமா? பிசிறுக்கு மறுப்பு இல்லையென்றால் அதை இன்றே ஏற்றிவிடுகிறேன்.