புதுப்பிப்பு: சிப்பிப்பாறையோடு ஸ்லெட் ஓட்டப் பயிற்சி

பனியே இல்லாத சென்னையில் என் சிப்பிப்பாறை நாயை, பனியில் சறுக்குவண்டி இழுக்கும் ஸ்லெட் பந்தய நாய் மாதிரிப் பழக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது! நாயை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு கூடவே ஓடும் கேனிக்ராஸில் தொடங்கியிருக்கிறோம்.

கழுத்துப் பட்டையில் இழுக்கவிடாதீர்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி. பாரம் மார்பிலும் தோளிலும் இறங்கும் ஹார்னஸ் வாங்கியாயிற்று. அலாஸ்காவில் ஸ்லெட் நாய்களுக்குச் சொல்வதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன்: வலப்பக்கம் 'ஜீ', இடப்பக்கம் 'ஹா'. திருவான்மியூர் கடற்கரையில் 'ஹா' என்றதும் ஒரு காதை மட்டும் பின்னால் மடித்து, உடம்பைச் சாய்த்துத் திரும்புகிறாள். அதைப் பார்க்கவே விடியுமுன் எழுந்திருக்கலாம்.

வெயிலை நினைத்தால்தான் பயம். நாய்க்கு நம்மைப்போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சரியாக எடுபடாது. காற்று இல்லாத நாளில் வெறும் நடையோடு சரி. நாக்கு அகலமாகித் தொங்கினால் உடனே நிறுத்தம், நிழல், தண்ணீர். பனிநாட்டு இனமான ஹஸ்கி வைத்திருப்பவர்கள் இங்கே இதை முயலவே வேண்டாம், அந்த அடர்ந்த ரோமத்தோடு பாவம்.

மார்கழி வந்ததும் சைக்கிளில் கட்டிப் பார்க்கப்போகிறோம். அப்புறம் வந்து எழுதுகிறேன்.