கிரோன் நோய்: வாய்ப்புண் ஓயவில்லை, பல்லும் பிடுங்கணும். என்ன கவனிக்க வேண்டும்?

வாசு_நெல்லை:
தம்பிக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி). நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோப்ரின் சாப்பிடுகிறான். பி காம்ப்ளக்ஸ் போட்டும் வாய்ப்புண் விட்டபாடில்லை. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கணுமாம். வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள், போடலாமா?

மருந்தாளுநர்_கலை:
வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் எல்லாம் குடல் சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் குறைத்துவிடும். அடங்கிய நோய் கிளம்பலாம். வெறும் பாரசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில் போதும். அட்டையின் பின்பக்கத்தை அவசியம் படியுங்கள், "பாரசிட்டமால்தான்" என்று தருவதில் அசிக்ளோஃபினாக் கலந்திருப்பது சகஜம்.

பல்லும்_சொல்லும்:
முதலில் புண் எந்த வகை என்று பாருங்கள். சிறிதாக, வட்டமாக, நடுவே வெளுத்து ஓரம் சிவந்திருந்தால் சாதாரண வாய்ப்புண். குடல் நோய் கிளம்பும்போது கூடவே வரும். கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் நீளமாக, ஆழமாக இருந்தாலோ உதடு தடித்தாலோ அது கிரோனே வாயில் வந்ததாக இருக்கலாம். துடைத்தால் வெள்ளைப் படலம் உரிந்து வந்தால் பூஞ்சை. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம்.

பி12 உறிஞ்சப்படுவதே சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். அங்கே நோய் இருக்கும்போது பி காம்ப்ளக்ஸை மட்டும் நம்ப முடியாது. இரத்தத்தில் பி12, ஃபோலேட், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) மூன்றையும் பாருங்கள். பி12 குறைந்தால் பெரும்பாலும் ஊசிதான்.

சாதாரணப் புண்ணுக்கு 0.1% டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு வாய்ப்பசை. படுக்கும்முன் புண்ணைப் பஞ்சால் ஒற்றி உலர்த்தி, மெல்லிசாக ஒத்தி வையுங்கள். தேய்த்தால் மணல்மணலாகத் திரண்டு உதிர்ந்துவிடும். பூஞ்சை என்றால் இதைத் தொடவே கூடாது. நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பற்பசையும் சிலருக்குப் பலன் தரும்.

வாசு_நெல்லை:
நன்றி. பல் பிடுங்க அசாதியோப்ரினை நிறுத்தணுமா?

பல்லும்_சொல்லும்:
நீங்களாக நிறுத்தாதீர்கள், குடல் மருத்துவர் சொல்லட்டும். பிடுங்குவதற்கு முன் சிபிசி (இரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்கும் பரிசோதனை) எடுங்கள். அசாதியோப்ரின் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது. வாய்ப்புண்ணோடு காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே சிபிசி.

மருந்தாளுநர்_கலை:
ஆன்டிபயாட்டிக் பற்றி ஒன்று. தேவையில்லாமல் வாங்கிப் போடாதீர்கள், குறிப்பாக கிளிண்டாமைசின். போட்டபின் வயிற்றுப்போக்கு வந்தால் கிரோன்தான் கிளம்பிவிட்டது என்று ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன், மலத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் நச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.