சுனாமி, சூறாவளி பற்றிப் பிள்ளைகளுக்கான சித்திரக்கதை: எதைக் கவனிக்கவேணும்?

நூலக ரீச்சர், உப்புவெளி, திருகோணமலை:
தரம் 5 முதல் 7 வரையான பிள்ளைகளுக்குச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று தயாரிக்கிறோம். ஏ5 அளவு, 32 பக்கம், கறுப்பும் நீலமும் மட்டும். 2004 சுனாமியையும் 1964 சூறாவளியையும் ஒரே கதையில் சேர்க்கலாமா? பிள்ளைகள் பயப்படாமலும், நடந்ததை மழுப்பாமலும் வரைவது எப்படி?

கடலோரன்:
ரீச்சர், ஒரே புத்தகத்தில் போடலாம், ஒரே கதைக்குள் வேண்டாம். சூறாவளிக்கு முன் மணிக்கணக்கில் காற்றும் மழையும் வரும். சுனாமி வெயில் எறித்த காலையில் வந்தது. இரண்டையும் கலந்தால், வானம் தெளிவாக இருந்தால் ஆபத்தில்லை என்று பிள்ளை நினைத்துவிடும்.

சுனாமியில் அநேகமானவர்கள் பிழைவிடும் இடம் முதல் அலை. கடல் உள்வாங்குவதில் கதையைத் தொடங்குவார்கள். தாய்லாந்துக் கரைக்கு அது சரி. எங்கள் கிழக்குக் கரையில் முதலில் நீர் ஏறியது, பிறகுதான் வற்றியது, அதன்பின் இன்னும் பெரிதாக வந்தது. வற்றிய கடலைப் பார்க்க ஆட்கள் இறங்கும் கட்டத்தை அந்த இடைவெளியில் வையுங்கோ. அலையைச் சுருண்ட நுரையோடு வரைய வேண்டாம். வேலி, கதவு, படகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உயர்ந்துவரும் கலங்கிய வெள்ளமாக வரையுங்கோ.

சுமாத்திராவில் நிலம் நடுங்கியது எங்கள் மணிக்கூட்டில் காலை 6.59. இந்திய நூல்களைப் பார்த்து 6.29 என்று போட்டுவிடாதீங்கோ. அப்போது இலங்கை நேரம் அரை மணி முன்னே இருந்தது, 2006 ஏப்ரலில்தான் இரண்டும் ஒன்றாயின. அன்று ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை), நத்தாருக்கு மறுநாள். சீருடைப் பிள்ளை ஒரு கட்டத்திலும் வரக்கூடாது.

1964 டிசெம்பர் 22இல் சூறாவளி திருகோணமலைப் பக்கம் கரையேறி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு பாம்பன் ரயிலும் அள்ளுண்டு போனது. சூறாவளியின் கண் கடக்கும்போது காற்று அடங்கும், பிறகு எதிர்த்திசையில் அடிக்கும். அமைதிக் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் தென்னைகளை மறுபக்கம் சாய்த்து வரையுங்கோ. காற்று நின்றதும் வெளியே போகக்கூடாது என்பதைப் பிள்ளை அதிலேயே பிடித்துக்கொள்ளும்.

கோட்டோவியம்:
பயம் பற்றி: பக்கம் புரட்டியதும் கண்ணில் படுவது இரட்டைப்படை எண்ணுள்ள இடப்பக்கம். கனமான காட்சியை அங்கே வையுங்கோ. எதிர்ப்பக்கத்தில் வைத்தால், பிள்ளை முந்திய பக்கத்தை வாசிக்கும்போதே அது கண்ணில் பட்டுவிடும். பிணத்தை வரைய வேண்டாம், இழப்பை மறைக்கவும் வேண்டாம். சுனாமியில் கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. அதை ஆட்களில்லாமல் முழுப்பக்கமாகக் காட்டுங்கோ: சுவரில் நீர் நின்ற கோடு, சேற்றில் ஒரு கட்டில். அடுத்த பக்கத்தில் பெரியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கட்டும்.

தப்பும் காட்சியில் கடலோரன் அண்ணை சொன்ன அலை ஒழுங்கு முக்கியம். முதல் அலை போனதும் பாத்திரங்கள் வீட்டுக்குத் திரும்பினால் பாடமே பிழைத்துவிடும். மேட்டு நிலத்திலேயே பல மணி நேரம் இருக்கட்டும். இன்னொன்று, "நிலம் அதிர்ந்தால் ஓடு" என்று மட்டும் எழுத வேண்டாம். தொலைவில் பிறக்கும் சுனாமிக்கு இங்கே அதிர்வே தெரியாமல் போகலாம். சைரனும் வானொலி அறிவிப்பும் கதைக்குள் வரவேணும்.

அச்சுக்காரன்:
32 பக்கத்துக்கு ஏ4 தாள் எட்டு, நடுவில் மடித்துக் கம்பி. மடிக்கும்போது உள்தாள்கள் வெளியே தள்ளும், ஓரத்தை வெட்டும்போது எழுத்தும் போய்விடும். ஆகவே பேச்சுக்குமிழிகளை வெளியோரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கோ.

எழுத்து 10 புள்ளி, வரி இடைவெளி 14. இதைவிட நெருக்கினால் மேல்வரியின் 'று', 'ழு' கால்கள் கீழ்வரியின் 'கீ', 'ணி' சுழிகளில் முட்டும். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் ஒரு குமிழிக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் தாங்காது. சில வரைகலை மென்பொருள்களில் 'கொ', 'போ' கொம்பு பிரிந்து விழும். எழுத்தை வடிவமாக மாற்றி, அந்த எழுத்துகளைக் கண்ணால் சரிபார்த்தபின் அனுப்புங்கோ.

எழுத்தும் கோடும் கறுப்பு மைக்கான அச்சுத் தட்டில் மட்டும். நீலமும் கலந்திருந்தால், தட்டு மயிரளவு விலகினாலும் எழுத்தோரத்தில் நீல நிழல் விழும். கோட்டுப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்து டிஃப் (TIFF) கோப்பாகத் தாருங்கோ, ஜேபெக் (JPEG) வேண்டாம்.